மறதி எலிகளும் வாப்பாவின் நோன்பும்

நான் எலி வளர்த்துச் சம்பளம் வாங்குகிறேன் என்பதை என் வாப்பாவால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு. ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊரின் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தவர் அவர். சாக்கைக் கடித்து, அரிசியைத் தின்று, தின்ற இடத்திலேயே அசிங்கம் பண்ணிவிட்டுப் போகிற ஜென்மங்களோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்று, மற்ற வாப்பாமாராக இருந்தால் மகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். என் வாப்பா மண்டிக்குக் கூட்டிப்போய், எலிப்பொறியில் கருவாட்டுத் துண்டு மாட்டுவதை வேடிக்கை காட்டினார். "நல்ல கருவாட்ட வைக்கப்படாது. நாறுன கருவாடுதான் இதுகளுக்குப் பிரியாணி" என்றார். மிட்டாயைவிட எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பேர்ப்பட்டவரின் மகள் விலங்கியல் படித்து, ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கி, பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தால் அவர் என்ன செய்வார்? எலிகளின் அறைக்குக் குளிர்சாதனம் உண்டு என்று நான் வாய்தவறிச் சொன்ன அன்று பொழுது முழுக்கச் சிரித்தார். "முதுகுளத்தூர்ல மனுசன் மொட்ட வெயில்ல மொளகா காயப் போடுறான். அங்கன எலிக்கு ஏசியாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். உம்மா இன்னும் மோசம். மகள் டாக்டர் என்று தெரு முழுக்கப் பெருமையடிப்பார். எதுக்கு டாக்டர் என்று யாராவது கேட்டுவிட்டால், "எலிக்கு" என்று சொல்லிவிட்டு, தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

உண்மையில் எங்களுடையவை மண்டி எலிகள் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற கருப்புச் சுண்டெலிகள். மனிதர்களில் அபூர்வமாகச் சில குடும்பங்களில் நாற்பது, ஐம்பது வயதிலேயே அல்சைமர் நோய் வந்துவிடும். தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ இறங்கும் பழுதான ஒரு மரபணுதான் அதற்குக் காரணம். அந்த மரபணுவை எலியின் கருமுட்டைக்குள் செலுத்தி, அதன் சந்ததிக்கும் அது இறங்கும்படி வெளிநாட்டில் செய்திருந்தார்கள். அந்தப் பரம்பரையில் வந்தவைதான் எங்களிடம் இருந்தன. பார்க்க மற்ற எலிகள் மாதிரியேதான் இருக்கும். தின்னும், ஓடும், ஒன்றையொன்று கடிக்கும். ஒரு வயதை நெருங்கும்போது அவற்றின் மூளையில் ஒரு புரதம் பிசின் மாதிரி கட்டி கட்டியாகப் படியும். அப்புறம் மறதி. உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது என்பதால்தான் இந்தச் சின்னப் பிராணியின் தலையில் நம் நோயைக் கட்டியிருக்கிறோம். வேறு நாகரிகமான விளக்கம் என்னிடம் இல்லை.

மறதியைச் சோதிப்பது இப்படி. ஒரு பெரிய வட்டத் தொட்டி. தண்ணீரில் வெள்ளைச் சாயம் கலந்து பால் மாதிரி ஆக்கிவிடுவோம். தண்ணீருக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், எலி ஏறி நிற்க ஒரு சின்ன மேடை இருக்கும். அறைச் சுவரில் வட்டம், சதுரம், பட்டை என்று அடையாளப் படங்கள் ஒட்டியிருப்போம். நல்ல எலி அந்தப் படங்களை வைத்து வழியை மனசில் வாங்கிக்கொண்டு, சில நாட்களிலேயே நேரே நீந்திப்போய் மேடையில் ஏறும். மறதி எலி நேற்று ஏறிய மேடையை இன்று புதிதாகத் தேடும். தொட்டியின் ஓரத்தை உரசிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். குறித்த நேரத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் நாங்களே கொண்டுபோய் மேடையில் விடுவோம். பிறகு துண்டால் துவட்டி, விளக்குச் சூட்டில் காயவைப்போம். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் எதற்கு அந்த மரபணு இருக்கிறது என்பது சோதனை முடியும்வரை எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை ஓரவஞ்சனை செய்துவிடும்.

கடைசியில் மூளையை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். இதை வீட்டில் மறைத்துப் பார்த்தேன். உம்மாவிடம் நடக்குமா?

"அறுக்கையில பிஸ்மி சொல்லிட்டா அறுக்குற?" என்று கேட்டார்.

"மயக்க மருந்து குடுத்துத்தான் உம்மா. வலிக்காது."

"நான் அதக் கேக்கல" என்றார் உம்மா.

அன்றிலிருந்து மனசுக்குள் பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன். அறுத்துத் தின்கிற பிராணிக்குத்தான் இறைவன் பெயரை அப்படிச் சொல்வார்கள், எலி அது இல்லை என்பது எனக்கும் தெரியும். உம்மா கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

ஒருமுறை இருவரும் பெங்களூர் வந்திருந்தார்கள். விலங்கு அறைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள் என்பதால், தொட்டிச் சோதனையின் பதிவு ஒன்றைக் கணினியில் போட்டுக் காட்டினேன். வாப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பந்தயம் பார்க்கிறவர் மாதிரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முதல் எலி நேரே போய் மேடையில் ஏறியதும், "களவாணிப் பய. நம்ம மண்டிக்கு வாரவன் மாதிரியே வாரான்" என்று மனசாரப் பாராட்டினார். இரண்டாவது எலி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றியது.

"ஏலே, அங்கன இல்லடா! நடுவுல போ, நடுவுல!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். அது சுற்றிக்கொண்டேதான் இருந்தது. வாப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "பாவமா இருக்கேம்மா. யாராச்சும் அதுக்குச் சொல்லிக் குடுக்கப்படாதா?"

"சொல்லிக் குடுத்தா சோதனை கெட்டுப் போயிரும் வாப்பா."

"கெட்டாக் கெட்டுட்டுப் போகுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எலிக்கெல்லாம் மறதி வந்துட்டா ஊருக்கு நல்லதுதான். மண்டிக்கு வழி தெரியாதுல்ல" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

அந்தப் பயணத்திலேயே குளியலறை எந்தப் பக்கம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். புது இடம், அதனால்தான் என்று நானும் உம்மாவும் பேசிக்கொண்டோம். மறதியையே தொழிலாக வைத்திருக்கிற நான் அப்படிப் பேசிக்கொண்டேன். தன் வாப்பா என்று வந்துவிட்டால் படித்த படிப்பெல்லாம் எங்கே போய் ஒளியுமோ தெரியவில்லை.

மண்டியை விற்று வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பள்ளிவாசலிலிருந்து திரும்பும் வாப்பா வீட்டுக்கு வராமல் நேரே அங்கே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டு, லோடு இன்னும் வரலையா என்று கேட்க ஆரம்பித்தார். கடைக்காரர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்து, கையோடு கூட்டிவந்து விட்டுவிடுவார். நண்பகல் தொழுகையை முடித்துவிட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு அதே தொழுகைக்கு மறுபடியும் கிளம்புவார். "கூடத் தொழுதா என்ன, நட்டமா?" என்பது உம்மாவின் கட்சி. வெளிக்கதவைப் பூட்டி வையுங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னபோது, "எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தச் சொல்றீகளா?" என்று ஒரே வார்த்தையில் உம்மா வாயை அடைத்துவிட்டார்.

நான் லீவில் போகும்போதெல்லாம் வாப்பாவை நைசாகச் சோதிப்பேன். "இன்னைக்கி என்ன கெழம வாப்பா?"

வாப்பா மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "வெள்ளிக்கெழமையா இருந்தா உங்க உம்மா நெய்ச்சோறு ஆக்கியிருப்பா. வாசம் வரல. அதுனால வெள்ளி இல்ல."

இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? சுவர்ப் படங்களை வைத்து வழி கண்டுபிடிக்கத் தெரியாத எலிகூட, மேடைமேல் ஒரு சின்னக் கொடி நட்டு வைத்தால் நேரே போய் ஏறிவிடும். கண்ணும் காலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க நாங்கள் அதையும் செய்வோம். வாப்பாவுக்கு உம்மாவின் அடுப்படி வாசனைதான் கொடி. நான் இதைச் சந்தோஷமாக உம்மாவிடம் சொல்லப்போக, உம்மா எரிந்து விழுந்தார். "வந்ததுல இருந்து கேள்வி கேள்வியாக் கேக்குற. அவுக என்ன ஒன் எலியா?"

மதுரையில் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, நான் ஏற்கெனவே மனசுக்குள் எழுதி வைத்திருந்த பெயரையே சொன்னார். சர்க்கரையும் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டே ஆக வேண்டும், பட்டினி கிடக்கக் கூடாது என்றார். பஸ்ஸில் திரும்பும்போது வாப்பா ஜன்னலோரம் தூங்கிவிட்டார். உம்மா மெதுவாகக் கேட்டார்: "எலிக்கு மருந்து குடுத்து நல்லாக்குனதாச் சொன்னியே. அதுல கொஞ்சம் இவுகளுக்குக் கொண்டாந்தா என்ன?"

இந்தக் கேள்விக்குப் பெரிய கூட்டங்களில் மைக் முன்னால் பதில் சொல்லியிருக்கிறேன். எலியின் நோய் நாங்களே உண்டாக்கிய நோய், அதில் ஒரு பகுதியைக் குறைப்பது வேறு. வாப்பாவுக்கு வந்தது எந்தப் பரம்பரை மரபணுவும் இல்லாமல் வயதோடு வந்தது, மனிதருக்கு அதை நல்லாக்கும் மருந்து இன்னும் இல்லை. இவ்வளவையும் உம்மாவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் பரமக்குடி தாண்டிவிட்டது. "இம்புட்டு வருசமும் மலையக் கெல்லி எலியப் புடிச்ச கததானா?" என்றார் உம்மா. கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

பெங்களூர் திரும்பிய வாரம் ஓர் எலி தொட்டியின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. நேரம் முடியவில்லை. என் கை தானாகத் தண்ணீருக்குள் போய் அதைத் தூக்கிவிட்டது. அந்தச் சோதனை செல்லாது என்று நானே குறித்துவிட்டு, துண்டில் சுற்றி அதை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். உடன் வேலை செய்தவர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் நோன்பு மாதம் புரட்டாசி வெயிலில் வந்தது. நான் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து வாப்பா ஒரு நோன்பையும் விட்டதில்லை. காய்ச்சலிலும் விடவில்லை, மண்டியில் ஆள் வராமல் தானே மூட்டை இறக்கிய நாளிலும் விடவில்லை. கடமையைவிட அது அவருக்கு ஒரு கௌரவம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, நோன்புக்கு ஈடாக ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும் என்று எடுத்துச் சொன்னோம். "எனக்கு என்ன நோய்?" என்றார். சொன்னோம். முகம் இருண்டு, இடிந்துபோய் உட்கார்ந்தார். மறுநாள் காலையில் சொன்னது மறந்திருந்தது. மறுபடியும் சொன்னோம், மறுபடியும் அன்றுதான் புதிதாகக் கேட்பவராக இடிந்து உட்கார்ந்தார். ஒரே மனிதருக்கு ஒரே சாவுச் செய்தியைத் தினமும் கொண்டுபோவது மாதிரி இருந்தது. உம்மா அதோடு நிறுத்திவிட்டார். "இனிமே யாரும் இவுககிட்ட நோயின்னு வாயத் தொறக்கப்படாது."

ஆக, வாப்பா நோன்பாளியாகவே இருந்தார். மாத்திரை எப்படிப் போடுவது என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் அது நடந்தது. வாப்பாவுக்குப் பசித்திருக்கிறது, நோன்பு என்பது நினைவில்லை. அடுப்படிக்குள் போய், விடியுமுன் நாங்கள் சாப்பிட்டு மிஞ்சிய இடியாப்பத்தை எடுத்து நின்றபடியே தின்றுகொண்டிருந்தார். அப்போது துபாயிலிருந்து என் காக்கா லீவில் வந்திருந்தார். எங்களில் அண்ணனைக் காக்கா என்போம். அவர் பார்த்துவிட்டு, "வாப்பா, நோன்பு!" என்று கத்திவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் கத்துவோம்.

வாப்பா வாயில் இருந்ததைக் கையில் துப்பினார். கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நோன்ப முறிச்சிட்டேனா? நீங்கள்லாம் இங்கனதான இருந்தீக? ஒருத்தரும் சொல்லலையே" என்று அழுதார். வாப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உம்மாதான் வந்து அந்தக் கையைப் பிடித்துக் கழுவிவிட்டார்.

"மறந்து தின்னா நோன்பு முறியாதுங்க. அது அல்லா ஊட்டுனது. சின்னப் புள்ளைக்கித் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியாதா?"

அது உம்மா இட்டுக்கட்டிய சமாதானம் இல்லை. மறந்து உண்டவரின் நோன்பு முறிவதில்லை, அவருக்கு உண்ணக் கொடுத்தவன் இறைவன் என்பது எங்களில் எல்லோருக்கும் தெரிந்தது. சின்ன வயதில் மறந்தவர்கள் மாதிரி நடித்து நாங்கள் அத்தனை பேரும் பானைத் தண்ணீரைக் குடித்திருக்கிறோம்.

மறுநாளிலிருந்து உம்மா மத்தியானம் ஒரு தட்டில் சோறும், எங்கள் பேச்சில் ஆணம் என்கிற மீன் குழம்பும் போட்டு அடுப்படியில் வைத்தார். வாப்பா பசித்து வருவார், தட்டு கண்ணில் படும், உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவார். மாத்திரையும் உள்ளே போகும். நோன்பு என்ற சொல்லை அந்த நேரத்தில் யாரும் எடுக்கக் கூடாது என்பது உத்தரவு. சாயங்காலம் தொப்பி போட்டுக்கொண்டு கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் எல்லோருக்கும் முதலாக வந்து உட்கார்ந்து, "இன்னைக்கி நோன்பு நல்லபடியாப் போச்சு" என்பார். முகத்தில் பழைய கௌரவம் அப்படியே இருக்கும்.

காக்காவுக்கு இது பொறுக்கவில்லை. "அவுக மறந்து சாப்பிடுறாக, சரி. நீங்க மறக்கலையே உம்மா. தெரிஞ்சேல்ல வைக்கிறீங்க. வாப்பாவ ஏமாத்துறோம்" என்றார். வீம்புக்குச் சொல்லவில்லை. அவரும் வாப்பாவின் பிள்ளை, நோன்பில் அதே கறார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இதத்தான படிச்சவ. எப்படியும் மறந்துருவாகள்ல? உண்மையச் சொல்லிட்டே சோறு குடுத்தா என்ன?"

எனக்குத் தெரிந்தது எலி மட்டும்தான். "காக்கா, மேடை எங்கன இருக்குன்னு மறந்துபோன எலியும், தண்ணியில இருந்து தூக்குனா என் கையில நடுங்கத்தான் செய்யிது. வழிதான் மறந்துருக்கு, பயம் மறக்கல. வாப்பாவும் நாம சொன்னத மறந்துருவாக. ஆனா பொழுதுக்கும் எதையோ தொலைச்ச மாதிரி உக்காந்திருந்தாகளே, நீங்களும் பாத்தீங்கள்ல?"

காக்கா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பள்ளிவாசலுக்குப் போய் மார்க்கம் படித்த ஆலிமிடம் கேட்டுவிட்டு வந்தார். அறிவு தடுமாறியவருக்கு நோன்பு கடமையே இல்லை, கடமை இல்லாதவருக்குச் சோறு போடுவதில் என்ன குற்றம் என்று ஆலிம் கேட்டாராம். "குத்தம் இல்ல, சரி. ஆனா பொய்யி பொய்யிதான?" என்று காக்கா தனக்குத் தானே வாதாடிக்கொண்டு திரிந்தார். வாப்பா சாப்பிடும் நேரத்தில் வீட்டில் தங்காமல் வெளியே போய்விடுவார்.

நான் பெங்களூர் கிளம்புவதற்கு முதல்நாள் உம்மாவுக்குத் தலைவலி. உள்ளே படுத்திருந்தார். வாப்பாவுக்கு நான்தான் சோறு போட்டேன். பாறை மீன் ஆணம், அவருக்கு உயிர். எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த லீவில் அவ்வளவு தெளிவாக அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நீ சாப்பிட்டியாம்மா?"

வாழ்நாள் முழுக்கத் தினமும் கேட்ட கேள்விதான். இல்லை என்றால் ஏன் என்பார். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு, அதைச் சொன்னால் அந்தச் சோறு அவர் தொண்டையில் நின்றுவிடும். "சாப்பிட்டேன் வாப்பா" என்றேன். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது, குரல் சரியாக வரவில்லை.

"சாப்பிட்டவ மொகமா இது?" என்றார் வாப்பா. சோற்றை ஆணத்தில் பிசைந்தார். மீனில் முள் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கவளம் உருட்டி, தலை நரைக்கத் தொடங்கிவிட்ட மகளின் வாய்க்கு நேரே நீட்டினார். "ஆ காட்டு."

வாயைத் திறந்தேன். அந்த நோன்பைப் பிறகு பெங்களூரில் ஒரு நாள் தனியாகப் பிடித்து ஈடுகட்டிவிட்டேன். வாப்பா எனக்கு ஊட்டியது அதுதான் கடைசி.

விழுங்கிவிட்டு நிமிர்ந்தால், அடுப்படி வாசலில் காக்கா. தொப்பியை எடுக்க வந்தவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வாப்பாவும் அவரைப் பார்த்துவிட்டார். "நீயும் வாடா. ஒனக்கு ஒரு வாய் தாரேன்."

காக்கா என்னைப் பார்த்தார், வாப்பாவின் நீட்டிய கையைப் பார்த்தார். "நான் இப்பத்தான் வாப்பா சாப்பிட்டேன். வயிறு கொள்ளல" என்றார். வயிற்றைத் தடவிக்கூடக் காட்டினார்.

"என்ன ஆணம்?" வாப்பா விடவில்லை.

"பாறை மீனு வாப்பா. ரெண்டு தடவ வாங்கித் தின்னேன்."

வாப்பாவுக்குத் திருப்தி. மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும், வாப்பா ஓதிவிட்டு எல்லோருக்கும் பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. "புள்ளைக்கிப் பாவம், நாள் பூரா வெறும் வயிறு" என்றார். காக்கா கஞ்சிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் இரண்டையும் வாங்கித் தின்றேன்.